ஐம்பத்தெட்டில் நின்ற முள்

காரில் யாரும் இல்லை. எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அறிவழகன் வீட்டோர ஷெட்டுத் தரையில் ஒரு முழங்காலை ஊன்றி, டார்ச்சை வாயில் கவ்வியபடி, ஸ்டியரிங்குக்கு அடியில் தலையை விட்டு ஒயர்களைப் பிரித்துக்கொண்டிருந்தான். அவன் மூக்குக்கு ஒரு சாண் தள்ளியிருந்த ஆக்ஸிலேட்டர் பெடல் மெதுவாகக் கீழே இறங்கியது. ஒரு விரற்கடைதான். எஞ்சின் லேசாக உறுமியது, மேலே தகரக் கூரை அதிர்ந்தது, பிறகு பெடல் பழைய இடத்துக்கே வந்து நின்றுகொண்டது. யாரோ காலை வைத்துப் பார்த்துவிட்டு எடுத்ததுபோல் இருந்தது.

குரூஸ் கோளாறு, வேறென்ன என்று சொல்லிக்கொண்டான். நெடுஞ்சாலையில் ஒரு வேகத்தை வைத்துவிட்டுக் காலை எடுத்துவிட்டால், அதே வேகத்தில் வண்டியைத் தானே இழுத்துக்கொண்டு போகும் ஏற்பாடு அது. இந்தக் காலத்துக் கார்களில் எல்லாம் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. நாற்பது வயதான இந்த வெளிநாட்டுக் காரில் ஒரு சின்னப் பெட்டி, ஒரு ரப்பர் குழாய், காற்றை உறிஞ்சினால் சுருங்கும் ஒரு ரப்பர் பை, அந்தப் பை ஆக்ஸிலேட்டரை இழுக்க மெல்லிய சங்கிலி. அவ்வளவுதான் சமாச்சாரம். பை இழுத்தால் பெடலும் இறங்கும். ஆனால் வண்டி நாற்பதைத் தாண்டி ஓடினால்தான் அந்தப் பெட்டிக்கு உயிர் வரும். நிற்கிற வண்டியில் எப்படி இழுக்கும்?

எழுந்து கதவோரம் நின்றான். உள்ளேயிருந்து கிராம்பு வாசனை வந்தது. இரண்டு வருடமாக மூடிக் கிடந்த வண்டியில் பூஞ்சை வாசனை வரலாம், எலிப் புழுக்கை நாற்றம் வரலாம். கிராம்பு, அதுவும் இப்போதுதான் கடித்த கிராம்பு, வரக் கூடாது. நிலவன்தான் எந்நேரமும் கிராம்பை மென்றுகொண்டிருப்பான்.

அறிவழகனுக்கு இந்தக் காரைக் கண்டாலே ஆகாது. காரைத்தானா? நிலவன் செத்து இரண்டு வருடம் ஆகியும் அவன் பேரைக் கேட்டால் இவனுக்கு அடிவயிற்றில் எரியும். செத்தவன் மேல் என்னப்பா பொறாமை என்று யாராவது கேட்கலாம். கேட்கிறவர்கள் செத்தவனின் மனைவியைக் கட்டிக்கொண்டு பார்க்கட்டும், அப்புறம் தெரியும்.

திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் லாரிகளுக்கு ஒயரிங் பார்க்கும் கடை இரண்டு பேருக்கும் கூட்டு. ஏற்காட்டு எஸ்டேட்காரர் ஒருவர் துருப்பிடிக்க விட்டிருந்த இந்தக் காரை நிலவன்தான் வாங்கி வந்து உயிர் கொடுத்தான். குரூஸைத் தன் கையாலேயே ஓட வைத்தான். வேகத்தை எப்போதும் ஐம்பத்தெட்டில்தான் வைப்பான். "அறுபதைத் தொட்டா வெண்ணிலா திட்டுவா, மாப்ள" என்று சிரிப்பான். அந்தச் சிரிப்பு இவனுக்கு அப்போதே பிடிக்காது. கல்யாணப் பத்திரிகையில் நிலவன், வெண்ணிலா என்று பேரைப் பார்த்தபோதே, பேரில்கூடவா ஜோடி சேர்ந்து வருவார்கள் என்று எரிந்தவன் இவன். அவள் நிலவனுக்கு அத்தை மகள். வாய் நிறைய மாமா என்பாள். அவன் அவளைச் சாமி என்பான்.

தினமும் மாலையில் மல்லசமுத்திரம் ரோட்டிலிருக்கும் இந்த வீட்டு வாசலில் கார் வந்து நிற்கும். ஹாரன் இரண்டு தடவை அடிக்கும். வெண்ணிலா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டுக்கு வருவாள். "வந்துட்டேன் சாமி" என்று சொல்லிக்கொண்டே இறங்குவான். கடைசி நாளிலும் கார் வந்தது, ஹாரன் இரண்டு தடவை அடித்தது, அவளும் கேட்டுக்கு வந்தாள். அவன் இறங்கவில்லை. நெஞ்சு நின்று ஸ்டியரிங்கின்மேல் சாய்ந்திருந்தான். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

மறுநாள் பாடையைத் தூக்கும்போதுதான் அந்த வார்த்தை வந்தது. தினமும் காலையில் கேட்டில் நின்று சொல்லிப் பழகிய வாய் அது. அழுதழுது தொண்டை கட்டிய குரலில் வெண்ணிலா சொன்னாள்:

"போயிட்டு வாங்க மாமா."

ஒப்பாரி வைத்த பெண்கள் அப்படியே நிறுத்திவிட்டார்கள். எழவு வீட்டிலிருந்து கிளம்புகிற விருந்தாளிகூட வாரேன் என்று சொல்ல மாட்டான். வாயைத் திறக்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு நடையைக் கட்டுவான். இங்கே போகிறவனையே வரச் சொல்லி அனுப்பிவிட்டாளே என்று ஒருத்தி முணுமுணுத்தாள். பாடையின் முன்கொம்பைப் பிடித்திருந்த அறிவழகனுக்கு வேறு யோசனை. இப்படி ஒரு வார்த்தையை எனக்கு ஒருத்தி சொன்னால் நான் செத்தாலும் பரவாயில்லையே என்று நினைத்தான்.

அவளையே கட்டினான். இரண்டு பக்கமும் பேசி, கோயிலில் வைத்துத்தான் தாலி கட்டி, இந்த வீட்டுக்கே குடிவந்தான். வெண்ணிலா குறை வைக்கவில்லை. சோறு ஆக்கினாள், காய்ச்சல் வந்தால் கஷாயம் வைத்தாள், கடைக் கணக்கையும் பார்த்தாள். ஒன்றே ஒன்றுதான். காலையில் இவன் பைக்கைக் கிளப்பி, "வாரேன்" என்று சொல்லிவிட்டு, சாவியைத் தேடுகிற மாதிரி, ஹெல்மெட் வாரைச் சரி செய்கிற மாதிரி, அங்கேயே நிற்பான். அவள், "சரிங்க" என்பாள். அவ்வளவுதான். ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டான், போயிட்டு வாங்கன்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் வலிக்குமா என்று. அவள் கோபிக்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டாள். "வாயில வர மாட்டேங்குதுங்க" என்றாள். எவ்வளவு வேகத்தில் போகிறீர்கள் என்றும் ஒரு நாள்கூட அவள் கேட்டதில்லை.

அன்றைக்கே இந்தக் காரை வீட்டை விட்டு அனுப்பினால்தான் விடிவு என்று முடிவு கட்டினான். பழைய கார்களைச் சேர்த்து வைக்கும் சேலத்துக்காரர் ஒருவர் பார்த்துவிட்டுப் போனார். வண்டியில் இருக்கிறதெல்லாம் வேலை செய்ய வேண்டும், குரூஸ் உட்பட, என்றார். வெண்ணிலா அழுவாள் என்று நினைத்தான். அவளோ சரி என்றாள். அவர் வைத்தபடியே ஓடட்டும், அப்புறம் கொடுத்துவிடுங்கள் என்றாள். அந்த 'அவர்' இவன் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. இருக்கட்டும், வண்டி போனால் அவரும் போய்விடுவார் என்று ஸ்பானரை எடுத்தான்.

ஆனால் கோளாறு கையில் சிக்கவில்லை. பிரேக்கைத் தொட்டால் குரூஸ் விட்டுவிட வேண்டும், அது முதல் தர்மம். பிரேக் பெடலுக்கு மேலே இருக்கும் சுவிட்சுதான் அதற்குக் காவல். டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்தான். மிதித்தால் அணைந்தது, விட்டால் எரிந்தது. சுவிட்சு சுத்தம். ரப்பர் குழாயைக் கழற்றி ஊதினான், ஓட்டை இல்லை. ரோட்டில் எடுத்துப் போனால், குரூஸ் லீவரைத் தொடாமலேயே வண்டி தானாக ஏறும். முள் ஐம்பத்தெட்டுக்குப் போய் அங்கேயே நிற்கும். கடைசியாக வைத்த வேகத்தைப் பெட்டி ஞாபகம் வைத்திருக்கும், அதெல்லாம் சரி. பேட்டரியைக் கழற்றினால் ஞாபகம் அழிந்துவிட வேண்டும். கழற்றினான். இரண்டு நாள் கழற்றியே வைத்தான். மாட்டி ரோட்டுக்கு எடுத்தான். முள் நடுங்காமல் ஐம்பத்தெட்டில் போய் நின்றது. செத்தவனுக்கு இத்தனை ஞாபகமா என்று ஸ்டியரிங்கை ஓங்கிக் குத்தினான்.

அன்று சாப்பிடும்போது வெண்ணிலா குழம்பு ஊற்றக் குனிந்தவள் அப்படியே நின்றாள். அவன் தோளுக்கு அருகில் முகத்தைக் கொண்டுவந்து மூச்சை இழுத்தாள். கல்யாணமான நாளாக அவள் இவ்வளவு கிட்டே தானாக வந்ததில்லை. கண்ணை மூடியிருந்தாள். அவனுக்கு உடம்பெல்லாம் இனித்தது. அவள் போன பிறகு தன் சட்டையைத் தானே முகர்ந்து பார்த்தான். கிராம்பு வாசனை. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்க் கை கழுவினான்.

ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறை. வண்டிக்கு அடியில் இறங்கிப் பார்க்கக் கடையில்தான் பள்ளம் இருக்கிறது என்று காரை வெளியே எடுத்தான். மறுநாள் சேலத்துக்காரர் வந்துவிடுவார். இவன் கேட்டைத் தாண்டும்போது, அட, வெண்ணிலா வந்து நின்றாள். பைக்கில் போகும்போது ஒரு நாளும் வராத கேட்டுக்கு வந்து நின்றாள். இவன் பழக்கத்தில், "வாரேன்" என்றான்.

"போயிட்டு வாங்க" என்றாள் வெண்ணிலா.

திருச்செங்கோடு மலை கண்ணுக்குத் தெரியும்வரை அவன் சிரித்துக்கொண்டே ஓட்டினான். டீக்கடையில் நிறுத்தித் தெரியாதவர்களிடமெல்லாம் பேச்சுக் கொடுத்தான். கடைக்குப் போய்ப் பள்ளத்தின்மேல் காரை நிறுத்திக் கீழே இறங்கி வேலையைத் தொடங்கிய பிறகுதான், மத்தியானத்துக்கு மேல், நெற்றியில் ஆயில் சொட்டியபோது, அவள் நின்ற நிற்பு ஞாபகத்துக்கு வந்தது. அவள் இவன் முகத்தைப் பார்க்கவில்லை. கை பானட்டின்மேல் இருந்தது. பார்வை ஸ்டியரிங்கின்மேல் இருந்தது. வார்த்தை வந்தது உண்மை. யாருக்கு வந்தது?

அவ்வளவுதான். அதற்கு மேல் அவன் பழுது பார்க்கவில்லை. பெட்டிக்கு வேகம் சொல்லும் காந்தத்தைப் பெயர்த்தான், பெட்டியைப் பிடுங்கினான், ரப்பர் பையைக் கழற்றினான், சங்கிலியை வெட்டினான். சேலத்துக்காரர் வேண்டாம் என்றால் போகட்டும், பழைய இரும்புக்குப் போட்டுக்கொள்ளலாம். எல்லாவற்றையும் முன்சீட்டில் குவித்துப் போட்டான். கோழியிலிருந்து உருவிப் போட்ட குடல் மாதிரி கிடந்தன. வியர்வை ஆறாமல் பானட்டை ஓங்கி அறைந்தான். மூடிக் கிடந்த கடைக்குள், தகர ஷட்டர் எதிரொலிக்க, இல்லாதவனைப் பார்த்துக் கத்தினான்.

"இனி எப்படி ஓட்டுவே? முடிஞ்சா வாடா நிலவா! வந்து ஓட்டு, பாக்கலாம்!"

கத்தி முடித்ததும் கடை சட்டென்று அமைதியானது. ரோட்டில் போன பஸ் சத்தம்கூடத் தூரத்தில் கேட்டது. வரச் சொல்லிக் கூப்பிடக் கூடாதவனை முதலில் அவள் கூப்பிட்டாள், இப்போது இவனும் கூப்பிட்டாயிற்று. அது அவன் புத்தியில் ஏறுவதற்குள் வாயை ஒரு தடவை துடைத்துக்கொண்டு ஷட்டரை ஏற்றினான்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மல்லசமுத்திரம் ரோட்டில் காரைத் திருப்பியபோது பின்கண்ணாடியில் மலைப்படி விளக்குகள் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தன. ஊர் எல்லை தாண்டியதும் ஜவ்வரிசி ஆலைத் தண்ணீரின் புளித்த வாடை, அதன் பின்னால் கோழிப்பண்ணை வாடை, ஈரமான மண் வாடை என்று ஒன்றன்பின் ஒன்றாக ஜன்னல் வழியே வந்தன. எதிரே ஒரு ரிக் லாரி இரும்புக் குழாய்களைக் கலகலக்க விட்டுக்கொண்டு கடந்து போனது. முன்சீட்டில் கிடந்த பெட்டியைப் பார்த்து அவனுக்குக்கூட ஒரு சின்ன நிம்மதி வந்தது. இனி இது வெறும் வண்டி. அவள் அழுதால் அழட்டும். நாள் ஆக ஆகச் சரியாகிவிடும்.

கோழிப்பண்ணை தாண்டியும் ஒரு வாசனை மட்டும் போகவில்லை. ஜன்னலை முழுதாக இறக்கினான். அது வெளியிலிருந்து வரவில்லை. மூக்கை உறிஞ்சினான். நாக்கை அசைத்தான். நாக்கு எதிலோ இடித்தது.

வாய்க்குள் ஒரு கிராம்பு இருந்தது.

துப்ப வேண்டும். துப்பவில்லை. பல்லுக்கு அடியில் அது நறுக்கென்று உடைந்தது. காரம் நாக்கில் பரவியது.

மீட்டரைப் பார்த்தான். ஐம்பத்தெட்டு.

பெட்டி இங்கே கிடக்கிறது. சங்கிலி வெட்டியாயிற்று. இழுக்க எதுவும் இல்லை. கேபிள் சிக்கியிருக்கும், வேறென்ன, கேபிள்தான். சாவியை அணைத்துவிட்டால் ஆயிற்று என்று கையைக் கொண்டுபோனான். கை போகவில்லை. ஸ்டியரிங்கின் உச்சியில் ஒற்றைக் கையாக, மணிக்கட்டை மடக்கி வைத்திருந்தது. அவன் ஒரு நாளும் அப்படிப் பிடிப்பதில்லை. அப்படிப் பிடிப்பவனை அவனுக்குத் தெரியும்.

கீழே பார்த்தான். எதிரே வந்த லாரியின் வெளிச்சம் ஒரு நொடி கால்மாட்டில் விழுந்தது. பெடல் தானாக இறங்கியிருக்கவில்லை. அதன்மேல் ஒரு கால் இருந்தது. அவனுடைய கால். அவனுடைய செருப்பு. அளவாக, அலுங்காமல் மிதித்துக்கொண்டிருந்தது.

அவன் மிதிக்கவில்லை.

பிரேக். பிரேக்கைத் தொட்டால் விட்டுவிட வேண்டும். மனதுக்குள் முழு பலத்தையும் கூட்டி மிதித்தான். எதுவும் அசையவில்லை. திரும்பவும் மிதித்தான். கால் நிதானமாக ஆக்ஸிலேட்டரிலேயே இருந்தது. அவன் எவ்வளவு மிதித்தாலும் அது அவனுக்குக் கட்டுப்பட்ட காலாக இல்லை. கத்தினான். வாய் மெல்லிசாக ஒரு பாட்டை முனகிக்கொண்டிருந்தது.

வேகத்தடை. கை கியரைக் குறைத்தது. பிள்ளையார் கோயில் வளைவு. கை ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பியது. வீட்டுத் தெரு. நாய் ஒன்று எழுந்தது, குரைக்க வாயைத் திறந்தது, மூடிக்கொண்டு சாக்கடைக்குள் இறங்கியது.

கேட்டின் முன்னால் வண்டி நின்றது. கை ஹாரனை அழுத்தியது. ஒரு தடவை. இன்னொரு தடவை.

வாசல் விளக்கு எரிந்தது. வெண்ணிலா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இறங்குகிறாரா என்று பார்க்கும் பார்வை அது. இரண்டு வருடமாக எதற்காக இந்தப் பெண்ணின் முகம் காத்திருந்தது என்று அறிவழகனுக்கு அப்போது புரிந்தது. வெண்ணிலா, நான் அறிவு, நான் அறிவுதான் என்று கத்தினான். அவன் வாய் சிரித்தது.

"வந்துட்டேன் சாமி."

கதவு திறந்தது. கால் தரையில் இறங்கியது. உடம்பு எழுந்தது. சட்டை உரசும் சத்தம் கேட்டது. அறிவழகன் மட்டும் எழவில்லை. ஸ்டியரிங்குக்குப் பின்னால், சீட்டின் சூட்டில், இருந்த இடத்திலேயே இருந்தான். தன்னுடைய முதுகு தன்னை விட்டு நடந்து போவதைக் கண்ணாடி வழியே பார்த்தான். ஆயில் கறை படிந்த அவன் சட்டை. நடை அவனுடையதல்ல.

"வந்துட்டீங்களா மாமா" என்றாள் வெண்ணிலா. அழுதாள். சிரித்தாள். அந்த உடம்பின் தோளில் முகத்தைப் புதைத்து மூச்சை ஆழமாக இழுத்தாள். இத்தனை நாளாக இவன் ஏங்கிய அத்தனையும் அந்தக் கேட்டுக்குள், எட்டிப் பிடிக்கிற தூரத்தில் நடந்தது. பொறாமையில் அவனுக்கு எரிந்தது. எரிவதற்கு வயிறு இல்லை.

படியேறும்போது அவள் திரும்பி எஞ்சின் ஓடுதுங்களே என்றாள். நாளைக்குத்தான் கொண்டுபோறாங்களே, ஓடட்டும் என்றான் நிலவன். அவள் காரை ஒரு தடவை நன்றாகப் பார்த்தாள். வாசல் விளக்கு கண்ணாடி வழியே ஓட்டுநர் சீட்டில் நேராக விழுந்தது.

காரில் யாரும் இல்லை.

வீட்டுக் கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு சிரிப்புச் சத்தம். வாசல் விளக்கு அணைந்தது. இருட்டில் ஆக்ஸிலேட்டர் பெடல் மெதுவாக ஒரு விரற்கடை கீழே இறங்கி, எஞ்சின் லேசாக உறுமி, மேலே வந்தது. திரும்பவும் இறங்கியது.